ஹெரால்டு விற்பனைக்கு: விளம்பரத்தில் நான் எதைத் தேடுகிறேன்

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு விற்பனைக்கு என்று இணையத்தில் ஒரு விளம்பரம் வந்தால், நான் முதலில் தேடுவது பின் கதவு தெரிகிற படத்தை. எஞ்சின் ஓடுகிறதா, பெயிண்ட் எப்படி, சீட் கிழிந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். பின் கதவின் அடிப்பாகம் முழுசாக இருந்தால் அந்த விளம்பரத்துக்கு மேற்கொண்டு நேரம் கொடுப்பேன்.

காரணம் இருக்கிறது. டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்த கார். அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலொட்டி. 1961 முதல் அதே காரைச் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி வண்டலூரில் தயாரித்து, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விற்றது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. அந்தக் காலத்தில் நம் நாட்டில் புதுக் கார் வாங்கப் போனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். இங்கிலாந்து ஹெரால்டுக்குப் பக்கவாட்டில் கடைசி வரை இரண்டே கதவு. நான்கு கதவு வைத்தது நம்மவர்கள், 1960-களின் கடைசியில் வந்த மார்க் 3 மாடலில். ஆகவே மார்க் 3-இன் பின் கதவும் அதன் கண்ணாடியும் வேறு எந்த நாட்டுத் தொழிற்சாலையிலிருந்தும் வந்ததில்லை. ஹெரால்டுக்கு உதிரிபாகம் விற்கிற கடைகள் இங்கிலாந்தில் இன்றும் நன்றாகவே நடக்கின்றன. பிஸ்டன் கேட்டால் வரும், வாட்டர் பம்ப் கேட்டால் வரும். பின் கதவு கேட்டால் வராது.

எஞ்சின் விஷயம் நேர் எதிர். ஹெரால்டின் 948 சிசி எஞ்சின், 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாக அறிமுகமான குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் வளர்ந்து 1493 சிசி வரை போய், 1980 வரை டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் ஓடியது. அதனால் அந்த எஞ்சினைத் தெரிந்தவர்களும் அதற்கான சாமான்களும் இன்னும் இருக்கின்றன. கிடைக்காததைக் கோவையில் லேத் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் நான் பயப்படுவதில்லை. விலை குறையும் என்று சந்தோஷம்தான்.

நான் ஒரு நான்கு கதவு மார்க் 3-ஐ எடுத்து முழுசாகச் செய்தவன். அதற்குப் பிறகு நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யார் கண்ணில் ஹெரால்டு பட்டாலும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதை எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழுதானதைச் சரிசெய்துவிடலாம், இல்லாததை வாங்கத்தான் இடம் கிடையாது. அதனால் ஒரு விளம்பரத்தைப் பார்க்கும்போது அந்தக் காரில் என்னென்ன இல்லை என்று முதலில் எண்ண வேண்டும்.

விளம்பரத்தில் எழுதியிருப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். "ரன்னிங் கண்டிஷன்" என்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது என்பதோடு சரி. பிரேக் பிடிக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை. பெட்ரோலை ஒரு பாட்டிலில் ஊற்றி ரப்பர் குழாய் வைத்து ஓட்டிக் காட்டுவதும் ரன்னிங் கண்டிஷன்தான். டேங்க் துருப்பிடித்திருந்தால் அப்படித்தான் காட்டுவார்கள். "சின்னச் சின்ன வேலை" என்று எழுதினால் எந்த வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒழுங்காகப் பதில் சொல்கிறவர் பொதுவாக நல்ல விற்பனையாளர். "டிரையம்ஃப் ஹெரால்டு" என்று தலைப்பு இருந்தால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். இங்கே ஓடிய ஹெரால்டுகளில் பெரும்பாலானவை வண்டலூர் ஸ்டாண்டர்டுதான். அதில் டிரையம்ஃப் பேட்ஜ் ஒட்டினால் விலை ஏறும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இறக்குமதியான கார் என்று சொன்னால் ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயர் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும், பேச்சு முடிந்துவிடும்.

"90 சதவீதம் ரெஸ்டோரேஷன் முடிந்தது" என்கிற வாசகத்தை நான் மிகவும் கவனமாகப் படிப்பேன். மீதி பத்து சதவீதம் ஏன் நின்றது? பெரும்பாலும் கிடைக்காத சாமானில்தான் வேலை நிற்கும். புது பெயிண்ட் மின்னும், உள்ளே டேஷ்போர்டில் மீட்டர் இருக்காது. அல்லது கதவு ரப்பர் பீடிங் இல்லாமல் கண்ணாடியை மேலே ஏற்றி நிறுத்தியிருப்பார்கள். அந்த மாதிரிக் காருக்கு வேலை நடக்கும்போது எடுத்த படங்களைக் கேளுங்கள். இன்றைக்குப் போன் இல்லாத பட்டறை கிடையாது. தகரத்தை வெட்டி ஒட்டியபோது ஒரு படம்கூட எடுக்கவில்லை என்று சொன்னால், தகரத்தை வெட்டாமல் பட்டி (பெயிண்டுக்கு முன் பள்ளம், ஓட்டையை நிரப்பப் பூசும் பசை) போட்டு மூடியிருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இனி படங்கள். கழுவிவிட்டு ஈரம் காயும் முன் எடுத்த படத்தில் எந்தக் காரும் பளபளக்கும். தரையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லாப் படமும் முன்பக்க இடது மூலையிலிருந்தே எடுத்திருந்தால் வலது பக்கத்தில் ஏதோ இருக்கிறது. காரைச் சுற்றியிருப்பதையும் பாருங்கள். புல் சக்கரத்தின் கம்பி விளிம்பு வரை ஏறியிருந்தால் அது பல மழைக்காலம் மண் மேலேயே நின்ற கார், அடிப்பாகம் ஈரத்திலேயே இருந்திருக்கும். சிமென்ட் தரையில் கொட்டகைக்குள் தூசியோடு நிற்கிற கார், பார்க்க மோசமாக இருந்தாலும், எனக்கு அதைவிட நல்லது. ஊரையும் கேளுங்கள். கடலோரம் இருந்த காருக்கு உப்புக்காற்றுத் துரு, ஊட்டியில் இருந்ததற்கு மழையும் பனியும் சேர்ந்த துரு. தாராபுரம் பக்கத்து வறண்ட காற்றில் இருந்த காரின் தகரம் நன்றாக நின்றிருக்கும். சென்னைக் கார் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கே நின்றது என்று கேட்பது தப்பே இல்லை. கதவின் உள்பக்க அட்டையில் நேர்கோடாக ஒரு கறை, ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பின்னால் காய்ந்த சேறு, இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் தண்ணீரில் நின்ற கார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹெரால்டைப் படத்திலேயே கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி கதவு இடைவெளி. இந்தக் காரில் பாடியும், அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசியும் தனித்தனி. ஹெரால்டு வந்த காலத்திலேயே மற்ற கம்பெனிகள் சேசியே இல்லாத பாடிக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டை உருவாக்கிய இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்குப் பெரிய பாடியை ஒரே துண்டாக அடித்துத் தர ஆள் இல்லாததால், பாடியைத் துண்டு துண்டாகச் செய்து சேசி மேல் போல்ட் போட்டு முடுக்கும் முறைக்குப் போனார்கள். அதனால் சேசி தொய்ந்தால் அது கதவு இடைவெளியில் அப்படியே தெரியும். கதவுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள கோட்டை மேலிருந்து கீழே வரை பெரிதாக்கிப் பாருங்கள். மேலே இடுங்கி, கீழே விரிந்திருந்தால் நடுவில் தொய்வு விழுந்திருக்கிறது. மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால், பெயிண்ட் எவ்வளவு கேவலமாக இருந்தாலும், அந்தக் காரைப் போய்ப் பார்க்கலாம். கூரையை வெட்டி கன்வர்ட்டிபிள் ஆக்கிய கார்களும் விளம்பரத்துக்கு வரும். நான்கு கதவுக் காரின் கூரையை எடுத்தால் பாடியைப் பிடித்து நிறுத்தியிருந்த மேல்கட்டு போய்விடும். அந்த மாதிரிக் கார்களில் கதவைத் தூக்கி அழுத்தித்தான் சாத்த வேண்டியிருக்கும். நான் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

பின்பக்கத்திலிருந்து நேராக எடுத்த ஒரு படமும் வேண்டும். ஹெரால்டின் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக அசையும் ஸ்விங் ஆக்சில், குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் களைத்துவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்து, சக்கரங்கள் மேலே உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அது சரிசெய்யக்கூடியதுதான், ஸ்பிரிங் பட்டறையில் பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றித் தருவார்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால்தான் சேசியைச் சந்தேகப்பட வேண்டும். 1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸல் மாடலில் பின்னால் நேர் ஆக்சில், சக்கரம் நிமிர்ந்து நிற்கும். ஹெரால்டு என்று விளம்பரம் போட்டு, சக்கரம் நிமிர்ந்து நின்றால், ஆக்சிலை மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவுகிற படம் பானெட்டைத் திறந்து வைத்த படம். ஹெரால்டின் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டு, மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். அப்படித் திறந்த நிலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம் கேட்டு வாங்கினால் பாதிக் கார் தெரிந்துவிடும். பேட்டரி வைக்கும் தட்டைப் பாருங்கள். அங்கே ஆசிட் வழிந்து தகரத்தைத் தின்றிருந்தால் அதற்குக் கீழே கால் வைக்கும் இடமும் போயிருக்கும். அப்புறம் முன்சக்கரத்துக்குப் பின்னால் சேசியிலிருந்து வெளியே நீளும் கைகள். எனக்கு வேலை செய்து தந்த டிங்கர் அண்ணன் அதைப் பார்க்காமல் எந்த ஹெரால்டைப் பற்றியும் வாயைத் திறக்க மாட்டார். "மீன் முள்ளு மாதிரி தம்பி இது. நடு எலும்பு சாகாது, பக்கத்து முள்ளுதான் முதல்ல போகும்" என்பார். நடுவில் ஓடும் இரண்டு பெரிய தண்டுகள் தடிமனானவை, நின்றுவிடும். பக்கவாட்டில் நீளும் கைகளும், கதவுக்குக் கீழே அவற்றை இணைக்கும் நீளத் தகரமும்தான் சேறும் தண்ணீரும் தங்கித் துருப்பிடித்து உதிர்பவை. அவை போயிருந்தால் பாடியைத் தூக்கி, சேசியைத் தனியாக இறக்கி, அளவெடுத்துத் தகரம் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். செய்ய முடிந்த வேலைதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு விலை பேச வேண்டும். அடிப்பாகம் முழுவதும் புதுக் கறுப்புத் தார் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். விற்பதற்கு முன்னால் யாரும் அக்கறையில் தார் பூசுவதில்லை.

படம் திருப்தி என்றால் வீடியோ காலுக்கு வரச் சொல்லுங்கள். வருகிறவரிடம் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடியில் வைக்கச் சொல்லலாம். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது நிற்காமல் விழும். எஞ்சின் ஓடுகிற கார் என்றால், முன்னதாகவே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த எஞ்சினில் ஒரு சோதனை ரொம்ப முக்கியம். ஒருவர் போனை, எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லி தெரிகிற மாதிரி பிடிக்க வேண்டும், இன்னொருவர் கிளட்சை அழுத்தி விட வேண்டும். அழுத்தும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் வந்து போனால் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று எண்ணெய்ச் சட்டியில் விழுந்து, கடைசியில் பிளாக்கையே தின்றுவிடும். எஞ்சின் விஷயத்தில் நான் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேட்பது இதற்கு மட்டும்தான்.

முன்சக்கரத்தின் ட்ரன்னியன் பற்றியும் கேளுங்கள். சக்கரம் திரும்புகிற இடத்தில் வெண்கலக் கட்டைக்குள் இரும்பு மரை ஏறி நிற்கும் அமைப்பு அது. அதற்கு 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது காய்ந்து, உள்ளே தண்ணீர் தங்கி, மரை துருப்பிடித்து ஒருநாள் முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். "ட்ரன்னியனுக்கு என்ன போடுகிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அந்தக் காரை வைத்திருந்தவருக்கு அதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும். கிரீஸ் என்று பதில் வந்தால் காரை விட்டுவிட வேண்டியதில்லை. அந்தச் சாமான் கிடைக்கும். மாற்றாமல் ரோட்டில் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான்.

கழற்றிப் போட்ட கார்களுக்கு வருகிறேன். பாடி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் சாக்கில் என்று விளம்பரம் வந்தால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அதில்தான் ஆர்வம் அதிகம், ஒரு நிபந்தனையோடு. எல்லாச் சாமானையும் தார்ப்பாய் விரித்து அதன் மேல் பரப்பி வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். மறுத்தால் விட்டுவிடுவேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கெஸல் அப்படி வந்தது. பெரியவர் ஒருவர் கழற்றி வைத்தது, கண் பார்வை குறைந்ததால் தொடர முடியாமல் விற்க நினைத்தார். "எல்லாம் இருக்குங்க தம்பி, ஒரு போல்ட்டுகூட வெளிய போகலை" என்றார். அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி நானும் வாங்க நினைத்த நண்பரும் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்தோம். கெஸலுக்கு முன் கிரில்லும் பின் விளக்கும் ஹெரால்டிலிருந்து மாறுபட்டவை. அந்த மாடல் 1977 வரைதான் வந்தது, வண்டலூரைத் தவிர வேறெங்கும் செய்ததில்லை. படத்தில் கிரில் இரண்டு துண்டாக உடைந்திருந்தது, ஆனால் இரண்டு துண்டும் இருந்தன. பின்விளக்கில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, இரண்டு குரோம் வளையமும் இருந்தன. நான்கு கதவுக்கும் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி மூன்று. தார்ப்பாயின் ஓரத்தில் வரிசையாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள். போய்ப் பார்த்தபோதுதான் அந்தப் பாட்டில்களைக் கையில் எடுத்தோம். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல் கட்டி ஒரு அட்டைத் துண்டு. "கதவு கீல் இடது முன்", "டிக்கி பூட்டு", "மட்கார்டு கம்பி" என்று பென்சிலில் எழுதியிருந்தார். போல்ட் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் கொஞ்சம் எண்ணெய். நண்பர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காரின் தகரம் சுமார்தான், எஞ்சின் சுற்றவே இல்லை. ஆனால் ஒரு சாமானுக்காகவும் அது நின்றுபோகவில்லை. உடைந்த கிரில்லை ஒட்டிக் குரோம் பூசியாயிற்று, காணாமல் போன கைப்பிடியை மற்றொன்றைப் பார்த்து வார்த்தாயிற்று. ஒன்று கையில் இருந்தால் இன்னொன்று செய்துவிடலாம், மாதிரியே இல்லாவிட்டால் எதைப் பார்த்துச் செய்வது?

இதற்கு நேர்மாறான காரும் பார்த்திருக்கிறேன். முழுசாகச் சேர்த்து, பெயிண்ட் அடித்து, மாருதி எஞ்சின் ஏற்றி, அழகாக ஓடிக்கொண்டிருந்த ஹெரால்டு. டேஷ்போர்டை வெட்டி வேறு மீட்டர் வைத்திருந்தார்கள், பின்விளக்கு ஏதோ ஒரு டிராக்டருடையது. பழைய எஞ்சின் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஓட்டி மகிழ நல்ல கார். அதை மீண்டும் ஹெரால்டாக்க வேண்டும் என்றால், கழற்றிப் போட்ட கெஸலைவிட இரண்டு மடங்கு வேலை.

லூக்காஸ் டிவிஎஸ் மின்சாரச் சாமான்கள், சுவிட்ச், டைனமோ மாதிரியானவை இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். அம்பாசடர், ஃபியட் ஓடிய ஊர்களில் பழைய எலெக்ட்ரீஷியன் கடைகளில் இன்றும் ஏதாவது மாட்டும். பழைய கார்ச் சாமான் விற்கிற சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்தாலும் கிடைக்கும், பொறுமை மட்டும் வேண்டும்.

காகிதம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பழைய காரில் கிடைக்காத சாமான்களின் பட்டியலில் ஆர்சி புத்தகத்தை முதலில் எழுதுவேன். எம்எஸ், எம்டி என்று தொடங்கும் பழைய நம்பர் கொண்ட கார்களில் பல, அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் தேடினால் வராது. கம்ப்யூட்டரில் ஏற்றாமலே விடப்பட்டவை. அதனால் அந்தக் கார் திருட்டுக் கார் என்று ஆகிவிடாது. ஆனால் ஆர்டிஓ அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து ஏற்ற வேண்டும், அந்த வேலையை யார் செய்வது என்று பணம் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும். விற்கிறவரே ஏற்றித் தரட்டும் என்பது என் நிலை. அவர் பெயரில் ஆர்சி இருந்தால் அவருக்கு அது எளிது.

ஆர்சியின் எல்லாப் பக்கத்தையும் படம் கேளுங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. உள்ளே ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயரில் எச்பி முத்திரை, அதாவது கார் மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு, இருக்கும். கடனை எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், முத்திரையை நீக்காமல் விட்டிருப்பார்கள். அந்தக் கம்பெனி இன்று இல்லை என்றால் கடன் தீர்ந்தது என்று காட்டும் 35-ஆம் நம்பர் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? என்னிடம் வந்த விளம்பரங்களில் ஒரு நல்ல இரண்டு கதவு ஹெரால்டை இந்த ஒரே காரணத்துக்காக நண்பரை விடச் சொன்னேன். கார் அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் மகன் கையெழுத்துப் போட்டுத் தருவது செல்லாது. முதலில் வாரிசுச் சான்றிதழ் வைத்து 31-ஆம் படிவத்தில் அவர் பெயருக்கு மாற வேண்டும். அக்கா தங்கைகளின் சம்மதமும் தேவைப்படும். "அதெல்லாம் பிரச்சினை இல்லைங்க, தங்கச்சி ஒண்ணும் சொல்லாது" என்பார்கள். சொல்லாமலே இருக்கட்டும், எழுத்தில் கொடுத்துவிடட்டும். வேறு மாநிலக் கார் என்றால் 28-ஆம் படிவத்தில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கிய பிறகே வண்டி அங்கிருந்து கிளம்ப வேண்டும்.

சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தட்டின் படம் மட்டும் போதாது, தட்டைக் கழற்றி மாற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் விஏ என்ற எழுத்துகளோடு நம்பர் வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். விளம்பரத்தில் "விண்டேஜ் பதிவு எளிதாகக் கிடைக்கும்" என்று போட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1977-இல் பதிவான கெஸலுக்கு 2027-இல்தான் 50 வயது நிறைகிறது. மேலே சொன்ன மாருதி எஞ்சின் ஹெரால்டுக்கு அந்த வழியே சிக்கல். இன்னொன்று, அப்படிப் பதிவான காரைத் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது, இவற்றுக்குத்தான் ரோட்டில் அனுமதி. தினமும் ஓட்ட நினைக்கிறவர் சாதாரணப் பதிவிலேயே எஃப்சி (ஓட்டத் தகுதியான வண்டி என்ற சான்று) எடுத்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே நல்லது.

நேரில் பார்க்கும் முன் டோக்கன் பணம் கேட்பவரிடம் பேச்சை நிறுத்திவிடலாம். இன்னொருவர் வருகிறார், இன்று மாலைக்குள் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். விளம்பரப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய விளம்பரத்திலிருந்து எடுத்த படம் என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இல்லையென்றால் இன்றைய செய்தித்தாளைக் காரின் மேல் வைத்து ஒரு படம் கேட்டால் போதும்.

விலை பேசும்போது விற்கிறவர் செய்த செலவைக் கேட்டு நாம் விலை போடக் கூடாது. பெயிண்டுக்கு இவ்வளவு ஆயிற்று என்பார். அந்தப் பெயிண்டை நாம் சுரண்டி எடுக்கப்போகிறோம் என்றால் அது நமக்குச் செலவு. நான் ஒரு தாளில் இல்லாத சாமான்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எங்கே கிடைக்கும் என்று எழுதுவேன். இங்கிலாந்து, புதுப்பேட்டை, லேத், இப்படி. இங்கிலாந்து என்று எழுதியதற்குக் கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிரே எதுவும் எழுத முடியாத வரி ஒன்றிரண்டு இருந்தால் அந்தச் சாமான்களுக்காகவே இன்னொரு கார் வாங்க வேண்டிவரும். அந்த இரண்டாவது காரின் விலையையும் இதில் கழித்துத்தான் கேட்பேன். விற்கிறவரிடம் அந்தத் தாளைக் காட்டியே பேசலாம், மறைக்க ஒன்றுமில்லை. நியாயமானவர்கள் தாளைப் பார்த்ததும் இறங்கி வருவார்கள்.

எல்லாம் ஒத்துவந்து காரை எடுக்கப் போகிற நாளில் கொட்டகையையும் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்க்க அனுமதி கேளுங்கள். ஜாக்கி, ஸ்டார்ட்டிங் ஹேண்டில், வீல் கப் எல்லாம் காரோடு இருப்பதில்லை. எங்கே வைத்தார்கள் என்று கார்க்காரருக்கு ஞாபகம் இருக்காது, வீட்டு அம்மாவுக்கு இருக்கும். சாவி எத்தனை ஜோடி என்றும் அவரிடமே கேளுங்கள். அப்புறம் காரை லாரியிலோ பிளாட்பெட்டிலோ ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். ஸ்டியரிங் திரும்புகிறதே என்று கயிறு கட்டி இழுத்து வராதீர்கள், ட்ரன்னியன் எந்த நிலையில் இருக்கிறது என்று கழற்றிப் பார்க்கும் வரை தெரியாது. லாரியில் கட்டும்போது கயிறு நடுத்தண்டைச் சுற்றிப் போக வேண்டும். லோடு ஏற்றும் ஆட்கள் பழக்கத்தில் பம்பரில் கட்டப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று சொல்லிவிடுங்கள். கழற்றிய சாமான் மூட்டைகளை அதே லாரியில் ஏற்றிவிடுங்கள், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டு வர வேண்டாம்.